பாழடைந்த ரோமானிய வில்லாவைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா?

இங்கிலாந்து வரும்போது கிராமப்புறத்தில் உள்ள ரோமானிய வில்லா (அந்தக் காலப் பணக்காரர்களின் நாட்டுப்புற மாளிகை) ஒன்றைப் பார்க்கலாமா, வெறும் கல்லாகத்தான் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தது குளோஸ்டர்ஷயரில் உள்ள செட்வொர்த். உள்ளதைச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் ஏமாற்றம்தான். தூணும் மாடமுமாகக் கற்பனை செய்துகொண்டு போனேன். இருந்தவை குட்டையான சுவர்கள். மழையில் கரையாமலிருக்க 19-ஆம் நூற்றாண்டில் அவற்றின் தலையில் சின்னச் சின்னக் கூரை வேறு போட்டிருக்கிறார்கள். ஏதோ கோழிக்கூண்டு வரிசை மாதிரி இருந்தது.

அப்புறம் மேற்குப் பக்கக் கூடத்துக்குள் போனேன். சின்னச் சின்னக் கற்களைப் பதித்து உருவங்கள் வரைந்த மொசைக் தரையைக் கால்படாமல் மேலிருந்தே பார்க்கும்படி நடைபாதை கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறைத் தரையின் மூலைகளில் பருவங்கள் மனித உருவில். வசந்தமும் கோடையும் அம்மணக் குழந்தைகள். குளிர்காலம் மட்டும் தலையை மூடிய கம்பளி அங்கியோடு, ஒரு கையில் முயலும் மறு கையில் மொட்டைக் கிளையுமாக நிற்கிறது. செய்தவருக்கு இந்த ஊர்க் குளிர் நன்றாகவே தெரிந்திருக்கிறது! பக்கத்தில் குளியலறைகள். அடியில் குட்டைத் தூண்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே அடுப்பின் சூடான காற்றைவிட்டுத் தரையைச் சூடாக்கிய அமைப்பு அங்கே அப்படியே தெரிகிறது.

என்னை அசத்தியது வேறொன்று. ரோமாபுரியின் ஆட்சி பிரிட்டனில் கி.பி. 410 வாக்கில் முடிந்தது. அதோடு இத்தகைய மாளிகை வாழ்க்கையும் நின்றுபோனது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் இங்கே ஓர் அறைச் சுவரின் அடித்தளத்தில் கிடைத்த கரியையும் எலும்பையும் வயதைக் கணிக்கும் கார்பன் முறையில் சோதித்தபோது, அந்தச் சுவர் 424-க்கு முன் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது. 2020-இல்தான் அறிவித்தார்கள். அந்த அறைக்கு அளவெடுத்தாற்போல் ஒரு மொசைக் தரை. பழையவை அளவுக்கு நேர்த்தியில்லை, வடிவங்களில் பிழைகளும் உண்டு. தொழில் தேய்ந்துகொண்டிருந்த காலம் போலும். ஆனாலும் யாரோ ஒருவர் காசு கொடுத்து, "தரை போடு" என்று சொல்லியிருக்கிறார்.

சரி, போவதானால் காரில் போங்கள். ஒரு மூலையில் ஊற்றுநீர் விழும் எண்கோணத் தொட்டியைத் தவறவிடாதீர்கள். இந்த இடத்தில் வீடு கட்டியதே அந்தத் தண்ணீருக்காகத்தான் இருக்கும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.