மகளின் பயண விண்ணப்பப் பாரம் ஏன் திரும்பி வருகிறது

அண்ணே, மகள் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்குக் களப்பயணம் போக வேண்டும், அபாய மதிப்பீடு போதவில்லை என்று பல்கலைக்கழகம் பாரத்தை 2 தடவை திருப்பிவிட்டது என்று சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். ஒப்புதலுக்கு முன்னே டிக்கெட் எடுத்தது அவசரம்தான். போகட்டும்.

"கவனமாக இருப்போம்" என்று எழுதினால் திரும்பத்தான் வரும். அபாயத்தைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மெராப்பி எரிமலை நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். அதன் எச்சரிக்கை கீழிருந்து மேலாக 4 படி: நோர்மல் (சாதாரணம்), வஸ்பாடா (விழிப்பு), சியாகா (தயார்நிலை), அவாஸ் (உச்ச அபாயம்). எந்தப் படியில் பயணம் ரத்து, அதை யார் முடிவு செய்வது, சாம்பலால் விமானம் நின்றால் ரயிலில் சுரபாயா போய் அங்கிருந்து திரும்புவதா, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

இன்சூரன்ஸை இன்றே பாருங்கள். மலை பொங்கிய பிறகு வாங்கினால், "தெரிந்த சம்பவம்" என்று கிளைமைத் தள்ளிவிடுவார்கள். மருத்துவமனைச் செலவோடு, நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பாலிசியில் பல நேரம் இடிப்பது இங்கேதான்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் பெயரோடு "ஏ/பி" (இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) இருக்கும், டிக்கெட் தளம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. கோடு போனாலும் எழுத்துகள் டிக்கெட், பாலிசி, பாரம் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அவசரத் தொடர்புக்கு உங்கள் எண் மட்டும் போதாது. தோட்டத்தில் லைன் கிடைக்காத நேரம் உண்டு. டவுனில் இருக்கும் உறவினர் எண்ணையும் கொடுங்கள். ஒப்புதல் வந்ததும் விஸ்மா புத்ராவின், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சின், இ-கொன்சுலார் இணையப் பதிவில் மகள் பதிந்துகொள்ளட்டும்.