ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ்: காதால் பிரிப்பது எப்படி?

எலக்ட்ரானிக் நடன இசை எல்லாமே ஒரே 'டம் டம்' சத்தமாகத்தான் கேட்கிறது, எதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டை விடுங்கள். முதலில் கிக் டிரம், அதாவது அந்த 'டம்' சத்தம், எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்.

தாளத்தின் ஒரு சுற்றில் வரும் நான்கு தட்டிலும் சீராக விழுந்தால் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் மூன்றில் ஒன்று. குழப்பமே இங்கேதான். ஹவுஸ் 1980களில் சிகாகோ கிளப்புகளில் டிஸ்கோவிலிருந்து கிளைத்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை: நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டு, பியானோ, உருகிப் பாடும் குரல், இரண்டு கிக்குகளுக்கு நடுவே 'ட்ஸ்' என்று திறக்கும் ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு). டெக்னோ டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், கெவின் சாண்டர்சன் போன்ற இசைக் கலைஞர்கள் வளர்த்தது. அதில் பாட்டு அபூர்வம். ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும், அதன் ஒலி மட்டும் மெல்ல மாறிக்கொண்டே போகும். பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அலுத்துவிடும். டிரான்ஸ் நேரெதிர்: நடுவில் டிரம் அடங்கி, சிந்தசைசர் மெட்டு ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் கிக் மறுபடி இறங்கும்.

தாளம் உடைந்து உடைந்து, 170 தட்டை ஒட்டி ஓடுகிறதா? அது டிரம் அண்ட் பேஸ் என்ற வகை. டப்ஸ்டெப் என்ற இன்னொரு வகை கணக்குப்படி 140தான். ஆனால் ஸ்னேர் ('டப்' என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) மூன்றாவது தட்டில் மட்டும் விழுவதால் 70 போலத் தோன்றும்.

அப்புறம் டெக் ஹவுஸ், புரோகிரெசிவ் போன்ற உட்பிரிவுகள். அதில் ரசிகர்களுக்குள்ளேயே அடிதடி, இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒன்று மட்டும்: ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் (அடிக்குரல் ஒலி) பாதி காணாமல் போய்விடும்.