நடுவில் யாரும் இல்லையாம்!

கேள்வி: எங்கள் ஊர் ஆச்சிகளிடம் கற்ற தாலாட்டுகளை என் மகள் பாடி யூடியூபில் போடுகிறாள். பார்வை ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. கேசட் கம்பெனி, சபா செயலாளர், தரகர் என்று நடுவில் ஒருவரும் இல்லை. கலைஞர்களுக்கு விடிந்துவிட்டது என்று சொல்லலாம்தானே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நடுவில் ஒருவரும் இல்லையா? அப்படியானால் யூடியூப் யார், உங்கள் பங்காளியா? 1,000 சந்தாதாரர் சேரவேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் ஓடியிருக்கவேண்டும். அதன் பிறகுதான் விளம்பரப் பணத்தில் பங்கு. (குட்டி வீடியோக்களுக்குக் கணக்கு வேறு.) அதிலும் நூற்றுக்கு 55 உங்கள் மகளுக்கு, 45 அவர்களுக்கு. பழைய தரகர் என்றால் திண்ணையில் உட்காரவைத்துச் சண்டையாவது போடலாம்.

பர்மாவில் நம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்த காலத்தில் கடையை நடத்த மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. இப்போது மூன்றும் உங்கள் மகளே. பாடுவது போக, படம் பிடித்து, வெட்டி ஒட்டி, தலைப்பு வைத்து, ‘அக்கா சூப்பர்’ என்பவர்களுக்கெல்லாம் நன்றி எழுதி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிடும்.

நேரடி விற்பனைக் கனவு யூடியூபோடு பிறந்ததும் இல்லை. 1919ல் உங்கள் ஊருக்கே விருந்தாளியாக வந்தாரே பாரதி, அவர் மறு வருஷம் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விட்டார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப்போகிறேன், தலைக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்றார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்றுப்போகும் என்று நம்பினார். வட்டிக் கணக்கு உட்பட எல்லாம் யோசித்த மனுஷன். திட்டம் நடக்கவில்லை, 1921 செப்டம்பரில் போய்விட்டார். சரக்கில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வாங்கப்போகிறவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதுதான் அவர் கையில் இல்லை.

உங்கள் மகள் கையிலும் இல்லை. ஏழாயிரம் பார்வையில் ஏழு பேரின் பெயர் தெரியுமா? ஒருவரே பத்துத் தடவை கேட்டிருக்கலாம், குழந்தை தூங்கவேண்டுமே. கல்யாண வீட்டில் தலையை மட்டும் எண்ணிவிட்டு மொய் ஏட்டை மூடிவைப்போமா? யார் வீடு, எந்த ஊர் என்று எழுதித்தானே வைக்கிறோம். அந்த ஏடு யூடியூபிடம் இருக்கிறது, கேட்டால் தரமாட்டார்கள். பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம், பாட்டு விற்றால் 15 சதவீதம்தான் பிடிக்கிறது. ஆனால் தாலாட்டுக் கேட்கிற நம் ஜனங்கள் அங்கே போகமாட்டார்கள். ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் ஒரு வாட்ஸ்அப் எண் சொல்லச் சொல்லுங்கள் (வீட்டு எண் வேண்டாம், தனியாக ஒன்று வாங்குங்கள்). இருநூறு பெயர் சேர்ந்தால் பத்துத் தாலாட்டை ஒரு தொகுப்பாக்கி, ஜிபேயில் பணம் வாங்கி அனுப்பலாம். முழுப்பணமும் அவளுக்கே.

அவளுக்கே என்றா சொன்னேன்? அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்த ஆச்சிகளின் பெயர் வீடியோவில் எங்காவது இருக்கிறதா?