எடிட்டிங் வேலைக்கு முன்னால் விசாக் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியையும் கூடவே அனுப்பிய சிவியையும் பார்த்தேன். ஊரில் பி.காம்., லண்டனில் ஃபிலிம் எம்.ஏ. முடியப் போகிறது. எடிட்டர், வி.எஃப்.எக்ஸ். (கம்ப்யூட்டரில் உருவாக்கும் காட்சிகள்), புரொடக்‌ஷன் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை. என்ன தகுதி குறைகிறது, இன்னொரு கோர்ஸ் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோர்ஸ் வேண்டாம். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக இங்கே டிவி எடிட்டிங்கில் இருக்கிறேன். உதவியாளர் எடுக்கும்போது எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டதாக ஞாபகமே இல்லை. உங்களுக்குக் குறுக்கே நிற்பது விசா. பிரிட்டனில் படம், சீரியல் வேலை பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ். இங்கே ஆறு வாரம், அங்கே பத்து வாரம் என்று ஓடும். விசா விதிகளோ ஒரே முதலாளியிடம் மாதச் சம்பளம் வாங்குகிறவரை மனதில் வைத்து எழுதியவை. இது இரண்டும் முட்டுகிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்டூடண்ட் விசாவில் டெர்ம் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் சொந்தத் தொழிலாக எதுவும் செய்யக் கூடாது. "இன்வாய்ஸ் அனுப்பு, பணம் போட்டுவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அது சொந்தத் தொழில் கணக்கில்தான் வரும். தெரிந்தவர் வீட்டுக் கல்யாண வீடியோவை வெட்டிக் கொடுத்து நாலு காசு வாங்குவதும் அப்படித்தான். படிப்பு முடித்தவர்கள் இங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா வந்தபின் ஃப்ரீலான்ஸ் தாராளமாகச் செய்யலாம். எம்.ஏ. முடித்தவர்களுக்கு அது இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறுவதென்றால் ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. உங்களைப் போல் படிப்பு முடித்து வருகிற புதியவர்களுக்கு 33,400. அந்தந்த வேலைக்குரிய தனி விகிதமும் உண்டு, எது அதிகமோ அதைத் தர வேண்டும். இப்போது ரன்னர் வேலையைப் பாருங்கள், அதாவது டீ வாங்குவது முதல் எடுபிடி வேலை எல்லாம் செய்யும் அடிப்படி வேலை. 2025 ஏப்ரலில் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 40 மணி நேரம் வருஷம் முழுக்க ஓடினாலும் 25,400-ஐத் தொடாது. ரன்னராக நுழைந்து படிப்படியாக ஏறலாம் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்கிற அறிவுரை உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். ஏறுவதற்குள் விசா முடிந்துவிடும்.

அதனால் ஆரம்பத்திலிருந்தே நிரந்தர வேலை இருக்கும் பக்கமாகப் பாருங்கள். கேம்ஸ், அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ்., ஒளிபரப்பு நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவு, தயாரிப்பு நிறுவனங்களின் அலுவலகம். கேம்ஸுக்கு லண்டனையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை, டண்டீ, கில்ட்ஃபர்ட், லெமிங்டன் ஸ்பா எல்லாம் அதற்கென்றே பேர் பெற்ற ஊர்கள். வி.எஃப்.எக்ஸ். கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது. 2023இல் அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இங்குள்ள ஸ்டூடியோக்களும் காய்ந்தன. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் விழுந்தபோது லண்டனில் அதன் வி.எஃப்.எக்ஸ். ஸ்டூடியோக்களான எம்பிசி, தி மில் இரண்டும் சேர்ந்து போயின. அனுபவசாலிகளே ஜூனியர் வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். பதில் வராததை உங்கள் திறமைக்குக் கிடைத்த மார்க்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சிவி. தலைப்பில் எடிட்டர், டைரக்டர், வி.எஃப்.எக்ஸ். ஆர்ட்டிஸ்ட், கன்டென்ட் கிரியேட்டர் என்று நான்கு போட்டிருக்கிறீர்கள். ஆள் எடுப்பவர் அதைப் பார்த்ததும் இவருக்கு எதுவும் முழுசாகத் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே வேலைப் பெயர். ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் எடுத்துவிடுங்கள், இங்கே யாரும் கேட்பதில்லை.

பி.காம். படிப்பையும் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்ததையும் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அது ஏன்? உங்கள் சிவியிலேயே விலைபோகும் சரக்கு அதுதான். புரொடக்‌ஷன் அக்கவுண்டன்ட் என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்கு இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். பெரிய படங்கள் பிரிட்டனுக்கு வருவதில் வரிச் சலுகைக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 ஜனவரி 1இல் தொடங்கிய திட்டப்படி படத்துக்கும் பெரிய பட்ஜெட் டிவி தொடருக்கும் 34 சதவீதம், அனிமேஷனுக்கு 39. எந்தச் செலவு பிரிட்டனுக்குள் ஆனது, எது வெளியே என்று பில்லுக்குப் பில் பிரித்துக் காட்டினால்தான் அந்தப் பணம் வரும். கணக்குப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்தால் பர்ச்சேஸ் ஆர்டர், குழுவினரின் டைம்ஷீட், ஆர்ட் டிபார்ட்மென்ட் கசக்கிக் கொண்டுவந்து போடும் சில்லறைச் செலவு (பெட்டி கேஷ்) ரசீதுகள் என்று தொடங்கும். கவர்ச்சியே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரா வாரம் போகும் செலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் படம் எப்படி உருவாகிறது என்பது டைரக்டருக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும். படப்பிடிப்போடு போகும் கணக்கு வேலை ஃப்ரீலான்ஸ்தான். தயாரிப்பு நிறுவனங்களின் நிதிப் பிரிவில் மாதச் சம்பள வேலை உண்டு, நீங்கள் குறிவைக்க வேண்டியது அதை.

எடிட்டிங்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அசிஸ்டன்டாகத்தான் நுழைய முடியும், அதற்கு அவிட் என்கிற எடிட்டிங் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு மென்பொருளான பிரீமியர் மட்டும் போதாது, இங்கே டிராமா பெரும்பாலும் அவிட்டில்தான் ஓடுகிறது. ஷூட்டிங் முடிந்து ஃபுட்டேஜ் வந்ததும் படத்தையும் ஒலியையும் சிங்க் பண்ணி, ஷாட்டுக்கு ஷாட் பெயரிட்டு, எந்த ஷாட்டை எத்தனை முறை எடுத்தார்கள் என்று செட்டில் குறித்த கன்டினியூட்டி ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். ஷீட்டில் ஐந்தாவது டேக் இருக்கிறது, ஃபுட்டேஜில் இல்லை என்றால் அன்றிரவே சொல்லிவிட வேண்டும். காலையில் செட்டைப் பிரித்துவிட்டால் போச்சு. நான் நேர்காணலில் கேட்பது இதைத்தான். "எனக்குக் கதை சொல்வதில் ஆர்வம்" என்று தொடங்குகிறவர்களைவிட, காணாமல் போன டேக்கை எப்படித் தேடுவேன் என்று சொல்கிறவர்தான் வேண்டும். ஷோரீல், அதாவது உங்கள் வேலையின் மாதிரி வீடியோ, கேட்டால் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடியுங்கள், சிறந்ததை முதலில் வையுங்கள். குழுவாகச் செய்ததென்றால் அதில் உங்கள் பங்கு எது என்று திரையிலேயே எழுதுங்கள்.

சிலர் சம்பளம் இல்லை, கிரெடிட் உண்டு, படத்தில் பேர் போடுவோம் என்பார்கள். ஆள் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வேலையைச் செய்தால் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். படிப்பின் பகுதியாகப் போகும் பயிற்சி மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. எந்த வேலைக்கு என்ன கேட்கலாம் என்பதற்கு பெக்டு என்கிற திரைத் தொழிலாளர் சங்கத்தின் கூலிப் பட்டியலைப் பாருங்கள். எந்த வேலையில் என்ன செய்வார்கள் என்பதற்கு ஸ்கிரீன்ஸ்கில்ஸ் தளத்தில் வேலைவாரியாகக் குறிப்பு இருக்கிறது, இலவசம்.

ஒன்று விட்டுப்போச்சு, டிரைவிங். பைன்வுட், லீவ்ஸ்டன், ஷெப்பர்டன் ஸ்டூடியோக்கள் எல்லாம் லண்டனுக்கு வெளியே இருக்கின்றன, கால் டைம், அதாவது வேலைக்கு வரச் சொல்லும் நேரம், முதல் ரயிலுக்கு முன்னாலேயே இருக்கும். ஊர் லைசன்ஸ் நீங்கள் இங்கே குடியேறியதிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் செல்லும். புரொவிஷனலுக்கு, அதாவது இங்கத்திய எல்.எல்.ஆருக்கு, இப்போதே போடுங்கள். டெஸ்ட் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகிறது.