தண்ணீர்ப் பாட்டில் ஏன் நிரம்பியே திரும்புகிறது? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிளஸ் டூ மாணவியின் பதில்கள்

பள்ளி வாழ்க்கை குறித்தும் நடப்பு விவகாரங்கள் குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருப்பவர், தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று 2025-26 கல்வியாண்டில் பிளஸ் டூ படித்துவரும் மாணவி. அவருடைய விருப்பப்படி அவர் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிடவில்லை.

பாடநூல், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ், மதிய உணவு என்று அரசு எல்லாவற்றையும் விலையில்லாமல் தருகிறது. எங்கள் காலத்தில் இவற்றில் பாதிகூடக் கிடையாது. இன்னும் என்ன குறை இருப்பதாக நினைக்கிறாய், அம்மா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ஐயா, இவை இல்லாமல் போயிருந்தால் எங்கள் தெருவில் பல பெண்பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றிருக்கும். என் அம்மாவின் படிப்பு அப்படித்தான் நின்றது. ஆகவே கிடைத்ததன் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் கையில் பஸ் பாஸ் இருந்தும் பள்ளி நேரத்துக்குப் பஸ் இல்லை என்பதை யாரிடம் சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊருக்குக் காலையில் வரும் டவுன் பஸ் ஏழே முக்காலுக்கு வரும். அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். வழியிலுள்ள எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அந்த ஒரே வண்டியில்தான் ஏறியாக வேண்டும். படிக்கட்டில் தொங்கும் மாணவர்களைக் கைப்பேசியில் படமெடுத்து, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை' என்று எழுதுகிறவர்கள், அந்த வண்டியின் உள்ளே ஒருமுறை நின்று பார்த்தால் அப்படி எழுத மாட்டார்கள். மாலையிலும் இதே நிலைதான். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பஸ் போய்விடும் என்பதால் வெளியூர்ப் பெண்கள் பாதியிலேயே எழுந்து கிளம்புகிறோம். படிப்பில் அக்கறை இல்லை என்று எங்களுக்குப் பெயர் வருகிறது. தலைமையாசிரியரும் போக்குவரத்துப் பணிமனையினரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி நேரத்தை மாற்றி அமைத்தால், புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமலே இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விரிவாக்கப்பட்டது. என் தம்பி ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளியில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது ஆறாம் வகுப்புக்காக என்னோடு அந்த ஏழே முக்கால் பஸ்ஸில் வருகிறான். அம்மா விடியற்காலையில் களையெடுக்கப் போய்விடும் நாட்களில் அவன் வெறும் வயிற்றோடுதான் வருகிறான். வயதும் தூரமும் கூடும்போது உணவு நின்றுபோவது சரியல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டமும் முதலில் சிறு குழந்தைகளுக்காகத் தொடங்கி, 1984இல்தான் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. காலை உணவையும் அதேபோல் பத்தாம் வகுப்பு வரையாவது கொண்டுவர வேண்டும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தினமும் தண்ணீர்ப் பாட்டிலை நிரம்பியபடியே திருப்பிக் கொண்டு வருகிறாள். எத்தனை சொல்லியும் கேட்பதில்லை. பள்ளியில் 'வாட்டர் பெல்' அடிப்பதாகவும் சொல்கிறார்கள். பிறகும் ஏன் குடிப்பதில்லை?
(ஒரு தாய், மதுரை)

அம்மா, உங்கள் மகள் சொல்பேச்சுக் கேளாதவள் அல்ல. அவள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அனேகமாகக் கழிப்பறையாகத்தான் இருக்கும். அவளிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் போதிய தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காக 2025இல் பள்ளிக் கல்வித் துறை இந்த மணியைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில் வந்த திட்டம் அது. மணி அடித்ததும் பையன்கள் குடிக்கிறார்கள். பெண்களில் பலர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவிடுகிறோம். குடித்தால் போக வேண்டியிருக்கும். எங்கள் பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறையில் ஆறு அறைகள் உண்டு. சில கதவுகளில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் குழாயில் தண்ணீர் வராது, இன்னொரு நாள் தண்ணீர் இருந்தாலும் வாளி இருக்காது. பத்து நிமிட இடைவேளையில் இத்தனை பெண்களும் வரிசையில் நின்று திரும்புவதற்குள் அடுத்த பாடவேளை தொடங்கிவிடும். தாமதமாக வகுப்புக்குள் நுழைகிறவள் எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் ஆசிரியர் ஆணாக இருந்தால் அவள் என்ன சொல்வாள்? அதற்குப் பயந்தே காலை ஏழு மணியிலிருந்து மாலை வீடு சேரும்வரை அடக்கிக்கொண்டிருப்பவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கித் தின்றவர்களும் இருக்கிறார்கள்.

மாதவிடாய் நாட்கள் இதைவிடக் கடினமானவை. புதுயுகம் திட்டத்தின் கீழ் எங்களுக்கு விலையில்லா நாப்கின்கள் கிடைக்கின்றன. அது பெரிய உதவி. ஆனால் மாற்றிய நாப்கினைப் போடுவதற்கு மூடியுள்ள ஒரு கூடைகூட இல்லை என்றால், அந்த நாட்களில் பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருப்பதுதான் வழி என்று ஆகிவிடுகிறது. பிறகு வருகைப் பதிவேட்டில் நாள் குறைகிறது என்று பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறார்கள்.

சுத்தம் செய்ய வரும் அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மிகக் குறைந்த ஊதியத்துக்கு, அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகக் கிடைக்கும் ஊதியத்துக்கு, ஒருவரே முழுப் பள்ளியையும் கழுவுகிறார். அவருக்கு முறையான சம்பளமும் துணைக்கு இன்னொருவரும் கிடைக்காமல் எங்கள் பாட்டில்கள் காலியாகா.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது சரியா? நீட் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.
(மளிகைக் கடை உரிமையாளர், சேலம்)

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை, ஐயா. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து இந்தக் கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2017-18இல் தொடங்கிய அந்தத் தேர்வைக் கடைசியாக எழுதியவர்கள் எங்கள் ஆண்டு மாணவர்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவதன் பாரத்தை அனுபவித்தவள் என்ற முறையில், நீக்கியது சரி என்றே சொல்வேன். என்றாலும் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பல பள்ளிகள், குறிப்பாகச் சில தனியார் பள்ளிகள், பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தன. அந்த வழக்கம் திரும்பினால், இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்கும் நீட் போன்ற தேர்வுகளில் அடிபடப் போகிறவர்கள் பயிற்சி மையத்துக்குப் போக வசதி இல்லாதவர்கள்தான். பிளஸ் ஒன் பாடம் உண்மையில் நடத்தப்படுகிறதா என்று பார்க்க வகுப்புக்கு வந்து மாணவர்களின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

நீட் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. விலக்குக் கேட்டு 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2020இல் வந்த 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்திருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கதவு வரை போய்ச் சேர, பிளஸ் டூ முடித்தபின் ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. விவசாயக் கூலி வீட்டில் ஒரு பெண்ணை அப்படி உட்கார வைப்பார்களா, மாப்பிள்ளை பார்ப்பார்களா? என்னோடு உயிரியல் பிரிவில் சேர்ந்தபோது மருத்துவராக வேண்டும் என்று சொன்ன தோழிகள் இப்போது அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளில் சாதி அடையாளங்கள் குறைந்திருக்கின்றனவா?
(கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

அண்ணா, கையில் கட்டும் வண்ணக் கயிறு குறைந்திருக்கிறது. அதற்கு மேல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவர் பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடைசெய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அகரவரிசைப் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எங்கள் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது முதல் நாளே ஊரையும் தெருவையும் வைத்து முடிவாகிவிடுகிறது. மதியம் சத்துணவுத் தட்டோடு வேப்ப மரத்தடியில் உட்காரும் வட்டங்களும் அப்படியே அமைகின்றன.

எங்கள் பக்கத்தில் யாரும் 'நீ என்ன சாதி' என்று கேட்பதில்லை. 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். புதிதாக வந்த மாணவியிடம் அந்தக் கேள்வியை ஓர் ஆசிரியரே கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் மெல்லிய குரலில் சொன்ன பதிலுக்குப் பிறகு வகுப்பு சற்றுநேரம் அமைதியாக இருந்தது. பிள்ளைகளின் கயிற்றை அறுப்பதற்கு முன்னால் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும்.

வாரத்தில் எத்தனை பாடவேளை விளையாட்டு?
(உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு)

கால அட்டவணையில் இரண்டு, சார். நடைமுறையில் ஒன்றுகூட இல்லை. பி.டி. பீரியட் என்றாலே கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ வந்துவிடுகிறார்கள். பெண்கள் மைதானத்துக்குப் போவதே அபூர்வம். சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்திய மகளிர் அணி 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியின் கபடித் தங்கத்தை வென்றபோது, காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம். அன்றும் எங்கள் விளையாட்டுப் பாடவேளையில் வேதியியல் சிறுதேர்வு நடந்தது.

கைப்பேசி உங்கள் படிப்பைக் கெடுக்கிறதா?
(தந்தை, வேலூர்)

எங்கள் வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி அப்பாவுடையது; அவர் வேலை முடிந்து வர இரவு எட்டரை ஆகிவிடும். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாமல் கரும்பலகையிலேயே எழுதிப் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது.

இத்தனை குறைகளையும் பள்ளியிலேயே பேசித் தீர்க்க வழி இல்லையா?
(வங்கி ஊழியர், திருச்சி)

வழி இருக்கிறது, அம்மா. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இயங்குகிறது; அதில் பெற்றோரே பெரும்பான்மையினர், பாதிப்பேர் பெண்கள். என் தோழியின் அம்மா எங்கள் பள்ளிக் குழுவில் உறுப்பினர். ஆனால் கூட்டம் நடக்கும் நாளில் கூலி போய்விடும் என்பதால் பல தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார்கள். வருபவர்களும் சுற்றுச்சுவர், கட்டடம் என்று பேசுகிறார்களே தவிர, கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் மாணவ மாணவிகள் பேச இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. எங்களுக்கு ஓட்டு வேண்டாம், பதவியும் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருத்தி, பிளஸ் டூவிலிருந்து ஒருத்தி என்று மூன்று பேர் எழுந்து சொன்னால் போதும். அவர்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் முன்னிலையிலேயே எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசிக்க வேண்டும். எந்த பஸ் நின்றுபோனது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். இதைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.