டுரியானுக்கு ஏப்ரலா, ஜூனா?

கோலாலம்பூர் வாசகி ஒருவரின் கேள்வி: "ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பினாங்கு பாலிக் புலாவுக்கு அழைத்துப் போய் டுரியான் சாப்பிட வைக்க ஆசை. அப்போது பழம் இருக்குமா? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வேறு."

முடிந்தால் அவர்களை ஜூனில் வரச் சொல்லுங்கள். பினாங்கில் பெரிய பருவம் பெரும்பாலும் மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை போகும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முன்னே பின்னே ஆகும். சில வாரம் மழையில்லாமல் காய்ந்தால்தான் மரம் பூக்கும். பூ மாலையில் விரியும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. அதிலிருந்து பழம் விழ மூன்று, நான்கு மாதம் ஆகும். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் தோட்டத்துக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் எப்போது பூத்தது?" என்று கேளுங்கள். மீதியை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

பயணத்தை மாற்ற முடியாதென்றால், சரி, ஏப்ரலிலேயே போங்கள். டுரியான் பிஞ்சுகளைக் கிளையில் பார்க்கலாம், ஜாதிக்காய் மரங்களும் கிராம்பு மரங்களும் இருக்கும், சுங்கை பூரோங் பக்கம் நெல்வயல் உண்டு. மதியத்துக்கு பாலிக் புலாவ் லக்சா என்ற நூடுல்ஸ். அம்மாவுக்கு ஜாதிக்காய் ஜூஸ் வாங்கிக் கொடுங்கள். ஊரில் அது மசாலா டப்பாவில் மட்டும் இருக்கும் பொருள்.

ஜூனில் போனால் வார நாளில், காலையில் பசியாறிய கையோடு தோட்டத்துக்குப் போய்விடுங்கள். நம் நாட்டில் டுரியானைப் பறிப்பதில்லை, தானாக விழ விடுவார்கள். இரவில் விழுந்ததைக் காலையில் சாப்பிடுவதற்கு ஈடே கிடையாது. மூசாங் கிங் என்ற பேர்போன டுரியான் ரகம் கோலாலம்பூரிலேயே கிடைக்கும். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். இங்கே கேட்க வேண்டியது ஆங் ஹே, ஹோர் லோர் போன்ற பினாங்கு ரகங்கள். ஆங் ஹே சுளை செம்மஞ்சளாக, இனிப்போடு லேசான கசப்பு கலந்து இருக்கும். முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு இனிப்பு ரகத்தை முதலில் கொடுங்கள், கசப்பு ரகம் அப்புறம். கிலோ எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதைப் பழத்தைப் பிளப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்பா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சுளையோடு நிறுத்தச் சொல்லுங்கள். அன்று மதியம் சோற்றையும் குறைக்கட்டும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் அந்த ஒரு சுளையும் வேண்டாம், பொட்டாசியம் அதிகம். டுரியானோடு மது யாருக்குமே கூடாது.

பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலை வளைந்து வளைந்து போகும். பெரியவர்களுக்குத் தலைசுற்றும் என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள். மிச்சப் பழத்தை ஹோட்டலுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. தோட்டத்திலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.