கடைத் தீயணைப்பானுக்குப் பொறுப்பு நானா, இடத்துக்காரரா?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து வடை, பஜ்ஜி, தேநீர் விற்கிறேன். மூன்று ஊழியர்கள். போன வாரம் குடிமைத் தற்காப்புப் படை அதிகாரி சோதனைக்கு வந்தார். சமையலறைத் தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் கிடக்கிறது என்று அறிவிக்கை கொடுத்துவிட்டார். ஆனால் அதில் ஒட்டிய ஸ்டிக்கரின் தேதி இன்னும் முடியவில்லை. பராமரிப்பு நிறுவனத்துக்குக் காசு கொடுத்த ரசீதும் இருக்கிறது. நான் வருவதற்கு முன்பே சுவரில் மாட்டியிருந்த கருவி அது. இடத்துக்காரரோ, "உங்கள் கடைக்குள் இருப்பது உங்கள் பாடு" என்கிறார். இது போதாதென்று, சனிக்கிழமை ஈசூனில் அம்மா வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவர், எல்லா வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் தீயணைப்பான் கட்டாயம் என்று சொல்லி 280 வெள்ளிக்கு இரண்டைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அறிவிக்கையைக் கையில் எடுங்கள். அதில் ஒரு கெடு தேதி இருக்கும். யார் பொறுப்பு என்ற சண்டை முடியும்வரை அந்தத் தேதி காத்திருக்காது. புதுக் கருவி வாங்கி மாட்டி, படம் எடுத்து, ரசீதோடு படைக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். கெடுவுக்குள் முடியாது என்று தோன்றினால், அது முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அறிவிக்கையை மதிக்காமல் இருப்பதே தனிக் குற்றம், நீதிமன்றம்வரை போகும்.

தீப் பாதுகாப்புச் சட்டம் 'தீ அபாயம்' என்பதற்குத் தரும் விளக்கம் பலர் நினைப்பதைவிடப் பெரியது. வழியை அடைத்து வைத்த சாமான்கள் மட்டுமல்ல, பராமரிப்பு இல்லாமலோ வேறு காரணத்தாலோ வேலை செய்யாத தீயணைப்புக் கருவியும் அதில் அடங்கும். கருவியை யார் வாங்கினார்கள் என்பது அங்கே பெரிய விஷயமில்லை. அபாயத்துக்குக் காரணமானவர், இடத்தின் உரிமையாளர், இடத்தைப் பயன்படுத்துபவர் என்று யார்மீதும் அறிவிக்கை வரலாம். தினமும் காலையில் கதவைத் திறப்பது நீங்கள். அதனால் "நான் வருவதற்கு முன்பே இருந்தது" என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

இடத்துக்காரரிடம் எடுபடலாம். வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, பழுதுபார்ப்பு, சட்ட விதிகளைப் பின்பற்றுதல், ஒப்படைக்கும்போது இருந்த பொருள்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் படியுங்கள். தீயணைப்புக் கருவிகள் அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் செலவைக் கேட்டு வாங்கலாம். ஒன்றுமே எழுதவில்லை என்றால், ஒரு சிலிண்டர் காசுக்காக அவரோடு மல்லுக்கு நிற்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கடை வாடகைத் தகராறு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகாது. வாடகை விஷயத்தில் அந்த மன்றம் எடுத்துக்கொள்வது இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களைத்தான்.

"இவ்வளவு சின்னக் கடைக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழே தேவையில்லையே" என்றும் அவர் சொல்லக்கூடும். அந்தச் சான்றிதழ் பொதுவாக 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடங்களுக்கானது. அது வேண்டாம் என்பதற்காகக் கருவியைக் கவனிக்கவும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அந்த ஸ்டிக்கர்தான். ஒருமுறை வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் தன் கடைச் சிலிண்டரை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். ஸ்டிக்கர் புத்தம் புதிது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் அடியில் முந்தைய ஆண்டுடையது, அதற்கடியில் அதற்கும் முந்தையது. சிலிண்டரின் அடிப்பாகத்தில் துரு. மூன்று ஆண்டும் ஒட்டிவிட்டுப் போனவர் அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பார்த்திருந்தால் அந்தத் துரு கண்ணில் படாமல் போயிருக்காது.

உங்களுடையதையும் அப்படிப் பாருங்கள், ஆனால் எதையும் அமுக்காதீர்கள். பாதுகாப்பு ஊசியைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் முத்திரை அறுந்திருக்கிறதா? அறுந்திருந்தால், "உங்கள் ஆள் யாரோ அமுக்கியிருக்கிறார்" என்று நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். முத்திரை அப்படியே இருந்து முள் மட்டும் இறங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். படம் எடுங்கள்; பழைய சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அதுதான். நிறுவனத்தோடு நீங்கள் செய்தது சேவை ஒப்பந்தம். 20,000 வெள்ளிவரையிலான இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுக்குள் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் போடலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, எனக்கு வருமானம் இல்லை. அதனால் தயங்காமல் சொல்கிறேன், போடுங்கள்.

நிறுவனம் ஒரு கேள்வி கேட்கும்: "நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" பராமரிப்புக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 578, ஆண்டுக்கொரு முறை தகுதியுள்ளவர் செய்யும் பராமரிப்போடு நின்றுவிடுவதில்லை, இடத்தில் இருப்பவரும் அவ்வப்போது கண்ணால் பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முள் பச்சையில் இருக்கிறதா, ஊசியும் முத்திரையும் சரியாக உள்ளனவா, குழாய் வெடித்திருக்கிறதா, முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டு நிமிட வேலை. தீ விபத்துக் காப்புறுதிக்குப் பணம் கேட்கும் நாளிலும் அந்த நோட்டைத்தான் தேடுவீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வடைச் சட்டி கொதிக்கும் இடத்தில் இருப்பது எந்த வகைக் கருவி? சமையல் எண்ணெய்த் தீக்கு எஃப் வகை என்று குறிக்கப்பட்ட ஈர ரசாயனக் கருவிதான் பொருத்தம். புதிதாக வாங்குவதை அதுவாக வாங்குங்கள். ஊழியர் மூவருக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி நியாயமாகச் செய்யக்கூடிய பாதுகாப்பைச் செய்வது முதலாளியின் கடமை. அங்கே முதலாளி நீங்கள்தான், இடத்துக்காரர் இல்லை.

இனி அம்மா வீடு. வீவக வீட்டுக்காரர் தீயணைப்பான் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமானது தீ எச்சரிக்கைக் கருவி, புகை வந்தால் கத்துகிறதே, அது. அந்த மனிதர் இரண்டையும் குழப்பிக்கொண்டாரா, வேண்டுமென்றே குழப்பினாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படை வீடு வீடாகத் தீயணைப்பான் விற்பதில்லை, அப்படி விற்க யாரையும் நியமிப்பதும் இல்லை. படையிலிருந்து வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் போலிசில் புகார் கொடுங்கள்.

பணம்? அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்றால், ஒப்பந்தத்தை ரத்துசெய்யப் பயனீட்டாளருக்கு ஐந்து நாள் உண்டு; சனி, ஞாயிறு, பொது விடுமுறை அதில் சேராது. சனிக்கிழமை வாங்கியதற்கு வெள்ளிக்கிழமைவரை நேரம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்ததால், இதை மட்டும் அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். ரத்து உரிமையைப் பற்றிய தகவல் தாளை அவர் அம்மாவிடம் தரவே இல்லை என்றால், அந்த ஐந்து நாள் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை என்று வாதிடவும் இடம் உண்டு. ரத்து செய்வதை வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிடிகொடுக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். அந்த இரண்டு சிலிண்டரையும் அதுவரை பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.